‘கூடியது’ என்பதும் ‘கூடியதாம்’ என்பதும்: காற்றுச் சுரங்கம் யாருக்கு?

‘மழை பெய்தது’ என்பதற்கும் ‘மழை பெய்ததாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பேசும் எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. முதலாவதைச் சொல்பவர் மழையில் நனைந்திருக்கலாம். சன்னல் வழியே பார்த்திருக்கலாம். இரண்டாவதைச் சொல்பவர் பிறர் சொல்லக் கேட்டிருக்கிறார். தெலுங்கில் இதே வேலையை ‘அட’ என்னும் ஒட்டு செய்கிறது. ‘வச்சாடு’ என்றால் வந்தான்; ‘வச்சாடட’ என்றால் வந்தானாம். சித்தூரிலும் திருப்பதியிலும் இவ்விரு மொழிகளும் ஒரே தெருவில், பல வீடுகளில் ஒரே வாயில் புழங்குகின்றன. ஒரு செய்தி நமக்கு எவ்வழியே வந்தது என்பதைச் சுட்டும் கருவியை இரு மொழிகளின் இலக்கணமும் நம் கையில் தந்திருக்கின்றன. மொழியியலில் இதனைச் சான்றுநிலை என்பர்.

பந்தயக் கார் வடிவமைக்கும் பொறியியல் மாணவர்களின் அறிக்கைகளைப் படிக்கும்போது இந்த ‘ஆம்’ காணாமற்போயிருப்பதைக் கவனிக்கிறேன். ‘பின்சிறகின் கோணத்தை மாற்றியதால் கீழழுத்தம் கூடியது’ என்று எழுதுகிறார்கள். காற்று வண்டியைத் தரையோடு சேர்த்து அழுத்தும் விசைதான் கீழழுத்தம். வளைவுகளில் சக்கரம் வழுக்காமல் வண்டியைக் காப்பது அதுவே. ஆனால் அந்த அறிக்கையில் எவரும் எதையும் அளந்திருக்கவில்லை. மென்பொருளில் ஒரு வடிவம் ஏற்றப்பட்டது; கணினி ஓர் எண்ணைச் சொன்னது; சிவப்பும் நீலமுமாக ஒரு படம் வந்தது. நேர்மையாக எழுதினால் அது ‘கூடியதாம்’. தான் பயன்படுத்தும் கொந்தளிப்புச் சமன்பாடுகளின் வரம்பை அறிந்தவர் ‘கூடியிருக்கும் போலும்’ என்று எழுதலாம். ‘கூடியது’ என்று எழுதும் உரிமை அளந்தவருக்கே உரியது.

இதை மாணவர்களின் குறையாகச் சொல்லவில்லை. அளப்பதற்கான வாய்ப்பு அவர்களுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது என்பதே என் வாதம். அவ்வாய்ப்பை எப்படிப் பங்கிடலாம் என்பதற்கு, பணம் கொழிக்கும் ஒரு விளையாட்டிலிருந்து நம் கல்வியுலகம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் காற்றுச் சுரங்கம் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். சாலையில் காற்று நிற்கிறது, வண்டி ஓடுகிறது. சுரங்கத்தில் வண்டி நிற்கிறது, காற்று ஓடுகிறது. பெரும் விசிறியொன்று காற்றைச் சீராக்கிச் செலுத்த, நடுவே நிறுத்தப்பட்ட மாதிரியின் மீது விழும் விசைகளைத் தராசு ஒன்று பதிவு செய்கிறது. பந்தயக் காருக்கு இது போதாது. சாலையில் வண்டிக்கு அடியில் தரையும் பின்னோக்கி நகர்வதுபோல் இருக்கும். ஆகவே சுரங்கத்தின் தரையும் காற்றின் வேகத்திலேயே ஓடும் பட்டையாக இருக்க வேண்டும். இல்லையெனில் தரையோடு ஒட்டித் தேங்கும் காற்றுப்படலம் அடித்தளத்தின் கணக்கையே குலைத்துவிடும்.

அளப்பதன் அருமையைக் காட்டும் நிகழ்வொன்று பந்தய வரலாற்றில் உண்டு. 1970-களின் நடுவில் லோட்டஸ் அணியின் பீட்டர் ரைட், இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஓடுதரைச் சுரங்கத்தில் சிறு மாதிரியொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அளவுகள் நிலையாக வரவில்லை. காரணம் தேடியபோது, மாதிரியின் பக்கப் பகுதிகள் காற்றின் உறிஞ்சலில் தரையை நோக்கித் தொய்ந்திருந்தது தெரிந்தது. தரைக்கும் அவற்றுக்கும் இடையே இருந்த இடைவெளி குறையக் குறையக் கீழழுத்தம் பெருகியது. ஓரங்களை அட்டை கொண்டு அடைத்துப் பார்த்தபோது அது மேலும் பெருகியது. அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்த கார்களில்தான் 1978-இல் மரியோ ஆன்ட்ரெட்டி உலகப் பட்டம் வென்றார். உறுதியற்ற ஒரு மாதிரி தொய்ந்துபோனதிலிருந்து ஒரு புதிய காற்றியக்கவியல் பிறந்தது. கணினியில் வரையப்பட்ட பக்கப்பகுதி தொய்வதில்லை, தொய்யும்படி நாம் முன்கூட்டியே சொல்லிவைத்தாலன்றி. நாம் கேட்காத கேள்விக்கும் விடை சொல்வதே அளவையின் சிறப்பு.

‘இன்றைய கணினிகள் அப்படியா?’ என்று கேட்கலாம். 2010-இல் விர்ஜின் அணி இதே நம்பிக்கையோடு ஃபார்முலா ஒன்னில் நுழைந்தது. அதன் வடிவமைப்பாளர் நிக் விர்த், காற்றுச் சுரங்கத்தைத் தொடாமல் கணினிவழிப் பாய்ம ஆய்வை மட்டுமே கொண்டு வி.ஆர்.-01 காரை உருவாக்கினார். அணிகளின் பட்டியலில் அது கடைசியாக, 12-ஆம் இடத்தில் முடிந்தது. நம் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அந்த ஆண்டின் முற்பாதியில் ஓட்டிய, பணமுடையில் தத்தளித்த எச்.ஆர்.டி. அணிகூட அதற்கு ஓரிடம் மேலே இருந்தது. அடுத்த ஆண்டே விர்ஜின் அணி விர்த்திடமிருந்து விலகியது. புதிய அணி, சிறிய செலவு எனக் காரணங்கள் பல இருந்தன. ஆயினும் கணினி மட்டும் போதும் என்ற வாதத்தை அதன்பின் எந்த அணியும் முன்வைக்கத் துணியவில்லை.

சுரங்கம் சொல்வதே இறுதி உண்மை என்றும் கொள்ளலாகாது. 2012-இல் ஃபெராரி அணிக்கு மாரனெல்லோவிலுள்ள அதன் சொந்தச் சுரங்கம் காட்டிய எண்களும் ஓடுதளத்தில் கிடைத்தவையும் பொருந்தவில்லை. அச்சுரங்கத்தைச் சீரமைப்புக்காக மூடிவிட்டு, ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள டொயோட்டாவின் சுரங்கத்தை வாடகைக்கு நாடியது. 2022-இல் புதிய விதிகளின்படி அமைந்த கார்கள் நேர்ப்பாதையில் வேகமெடுத்ததும் மேலும் கீழுமாகத் துள்ளத் தொடங்கின. மெர்சிடிஸ் அணி அவ்வாண்டு முழுவதும் இதனால் அல்லலுற்றது. சுரங்கம் அந்தத் துள்ளலை முன்னறிவிக்கவில்லை. விதிப்படி மாதிரி மெய்யான காரில் 60 விழுக்காட்டுக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது. காற்றின் வேகம் நொடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. சிறிய மாதிரியில் மெய்யான பாய்வைப் பெற, அளவு குறைந்த விகிதத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டும். அக்கணக்குப்படி சுரங்கத்தின் உச்சநிலைச் சோதனையே மெய்க்காரின் மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் ஈடாகும். பந்தயத்தில் காரோ 300-ஐக் கடக்கிறது.

ஆக, கணினி, சுரங்கம், ஓடுதளம் ஆகிய மூன்றும் மூன்று சாட்சிகள். ஒன்றையொன்று மறுக்கும்போதுதான் அறிவு வளர்கிறது. ஒலியடைத்த அறைக்குள் பதிவு செய்த பேச்சை மட்டும் வைத்துச் சித்தூர்க் கடைத்தெருவின் தமிழை விளக்க முடியாது என்பதை மொழியியல் மாணவர் அறிவர். கடைத்தெருவின் இரைச்சலை மட்டும் வைத்து ஒலியனை அளக்க முடியாது என்பதையும் அறிவர். ஒரே ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு தீர்ப்பெழுதும் நிலையில் நம் மாணவர்களை நிறுத்தியிருப்பதே சிக்கல்.

இனி அந்த விளையாட்டின் பங்கீட்டு விதிக்கு வருகிறேன். ஃபார்முலா ஒன்னில் சுரங்க நேரம் விதியால் அளந்து கொடுக்கப்படுகிறது. ஏறத்தாழ எட்டு வாரக் கட்டம் ஒன்றுக்கு 320 ஓட்டங்கள் என்பது அடிப்படை அளவு. 2022 முதல் பத்து அணிகள் போட்டியிட்ட பருவங்களில், முதலிடம் பெற்ற அணிக்கு அந்த அளவில் 70 விழுக்காடே கிடைத்தது. ஒவ்வோர் இடம் கீழிறங்கவும் ஐந்து விழுக்காடு கூடிக்கொண்டே போய், பத்தாமிடத்து அணிக்கு 115 விழுக்காடு கிடைத்தது. எண்ணிக்கையில் சொன்னால், வென்றவருக்கு 224 ஓட்டங்கள். கடைசியில் நின்றவருக்கு 368 ஓட்டங்கள். தேவை அதிகமுள்ளவருக்குக் கருவி அதிகம்.

சுரங்க நேரத்தின் மதிப்பை அறிய இன்னொரு செய்தியும் உதவும். 2021-ஆம் ஆண்டின் செலவு வரம்பை மீறியதற்காக ரெட் புல் அணிக்கு 2022 அக்டோபரில் விதிக்கப்பட்ட தண்டனையில் இரண்டு பகுதிகள் இருந்தன: 70 இலட்சம் டாலர் அபராதம், ஓராண்டுக்குக் காற்றியக்கச் சோதனையில் பத்து விழுக்காட்டுக் குறைப்பு. பணத்தோடு பணமாக, அளக்கும் வாய்ப்பும் அங்கே தண்டனைக்குரிய நாணயம்.

இப்படிப் பங்கிட்டால் தரம் தாழாதா என்று கேட்போர் உண்டு. அந்தத் தண்டனையோடு, அடிப்படை அளவில் 63 விழுக்காட்டுச் சோதனை நேரத்தை வைத்துக்கொண்டே ரெட் புல் 2023-இல் 22 பந்தயங்களில் 21-ஐ வென்றது. சிறந்தவரை விதி வீழ்த்திவிடவில்லை. மறுபுறம், 2022-இல் ஐந்தாமிடத்தில் இருந்த மெக்லாரன் 2024-இல் அணிகளுக்கான பட்டத்தை வென்றது. 1998-க்குப் பின் அதுவே முதல் முறை. விதி ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் பின்தங்கியவர் எழுந்து வருவதற்கு ஒரு வழி திறந்திருந்தது என்பது உண்மை.

நம் உயர்கல்வியில் இதற்கு நேர்மாறான ஒழுங்கு நிலவுகிறது. தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனத்துக்கே கருவி. கருவி இருப்பதால் ஆய்வு. ஆய்வு இருப்பதால் மீண்டும் தரவரிசை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1959 முதல் திறந்தசுற்றுக் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் தேசியக் காற்றுச் சுரங்கக் கூடத்தில் 3 மீட்டர் அகலமும் 2.25 மீட்டர் உயரமும் கொண்ட சோதனைப் பகுதி இருக்கிறது. அங்கே காற்று நொடிக்கு 80 மீட்டர் வரை பாயும். கட்டடங்களின் மீது காற்று மோதுவதை ஆராயும் சுரங்கம் சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் இருக்கிறது. இவை மக்கள் பணத்தில் எழுந்தவை; பெரும்பணி ஆற்றியவை. ஆனால் சித்தூர்ச் சாலையிலுள்ள ஒரு கல்லூரியின் மூன்றாமாண்டு மாணவர் குழு தன் சிறகுக்கு அங்கே இரண்டு நாள் கேட்க வேண்டுமென்றால், எந்தக் கதவைத் தட்டுவது, எவ்வளவு கட்டுவது, யார் கையொப்பம் வேண்டும் என்ற கேள்விகளிலேயே கல்வியாண்டு கழிந்துவிடும்.

இந்த மாணவர்கள் கேட்பது பெரிதன்று என்பதையும் கணக்கிட்டே பார்க்கலாம். கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் போட்டிகளின் ஓடுதளங்கள் வளைவுகள் நிறைந்தவை. கார்களின் சராசரி வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். பாதி அளவு மாதிரி செய்தால் சுரங்கத்தில் காற்று நொடிக்கு 33 மீட்டர் பாய்ந்தால் போதும். கான்பூர்ச் சுரங்கத்தின் திறனில் பாதிகூட வேண்டாம். காரின் முகப்புப் பரப்பு ஏறத்தாழ 1 சதுர மீட்டர் என்று கொண்டால் பாதி அளவு மாதிரிக்கு அது கால் சதுர மீட்டர். சோதனைப் பகுதியின் 6.75 சதுர மீட்டரில் இது நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. சுவர்களின் நெருக்கடி அளவைக் கெடுக்காது. ஃபார்முலா ஒன் அணிகளால் விதியின் காரணமாக எட்ட முடியாத பாய்வொப்புமையை நம் மாணவரின் சின்னஞ்சிறு காரால் எளிதில் எட்ட முடியும். வேகம் குறைவு என்பது இங்கே வரமாகிறது. ஓடுதரை இல்லாத சுரங்கத்தில் அடித்தள அளவுகளுக்கு எச்சரிக்கை வேண்டும். சிறகுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது பெருந்தடையன்று.

பொதுக் கருவியைப் பங்கிட்டுக்கொள்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்கள் திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் காதங்கியில் இறங்கிப் பார்க்கலாம். அங்கே 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் 1024 யாகி அலைவாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் எம்.எஸ்.டி. ரேடார் அது. 1990-களின் தொடக்கத்திலிருந்து வான்நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் நொய்ந்த எதிரொலியிலிருந்து மேலே வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் அளந்துவருகிறது. ஒரு தனி நிறுவனத்தின் உடைமையாக அன்றி, ‘தேசிய எம்.எஸ்.டி. ரேடார் வசதி’ என்ற பெயரிலேயே அது தொடங்கப்பட்டது. 2005-இல்தான் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் என்று பெயர் மாறியது. திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் அந்த ரேடாரின் பயன்பாட்டுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழுவின் மையம் ஒன்று அமைந்தது. அருகிலிருந்த ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் உலகத்தர வளிமண்டல ஆய்வில் இடம்பெற்றதற்குக் காரணம், கருவி பொதுவில் வைக்கப்பட்டதே. வானத்துக் காற்றுக்குச் செய்ததைத் தரையோரக் காற்றுக்குச் செய்ய முடியாதா?

நம் மண்ணோடு தொடர்புடைய இன்னொரு பெயரும் நினைவுக்கு வருகிறது. 2022-இல் உருவான திருப்பதி மாவட்டத்துக்குள் வரும் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் சதீஷ் தவான் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏவூர்திகளோடு இணைத்தே நாம் நினைக்கும் அவர், அடிப்படையில் காற்றுச் சுரங்கத்தின் மனிதர். இந்திய அறிவியல் கழகத்தில் நாட்டின் முதல் மீயொலிவேகச் சுரங்கத்தை உருவாக்கியவர். பெரிய கருவி வரும்வரை காத்திராமல், கைக்கெட்டிய பொருள்களைக் கொண்டு சிறிய சுரங்கத்தில் தொடங்கிய தலைமுறை அது.

‘பந்தயக் கார் என்பது செல்வர்களின் பொழுதுபோக்கு, ஆய்வுக்கூடங்கள் அதற்கா?’ என்பது மற்றொரு மறுப்பு. மாணவருக்குப் பந்தயக் கார் ஒரு சாக்கு. அதே சிறகின் கணக்குதான் காற்றாலையின் அலகிலும், பேருந்தின் எரிபொருள் செலவிலும், மின்வண்டி ஒரு முறை மின்னேற்றி ஓடும் தொலைவிலும் வருகிறது. ஸ்ரீசிட்டியில் இசுசூவின் வாகன ஆலை 2016 முதல் இயங்கிவருகிறது. ஆலைகள் வந்தால் பொருத்தும் வேலை வரும். வடிவமைக்கும் வேலை, அளக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் வரும். நம் பிள்ளைகள் இந்த இரண்டில் எதற்குத் தகுதி பெறப்போகிறார்கள் என்பதே இங்குள்ள கேள்வி.

என் முன்மொழிவுகள் நான்கு. முதலாவது, மக்கள் பணத்தில் இயங்கும் ஒவ்வொரு பெரிய சுரங்கமும் ஆண்டு நேரத்தில் ஒரு சிறு பங்கை மாணவர் குழுக்களுக்கென ஒதுக்க வேண்டும். அப்பங்கில் கருவி வசதி குறைந்த கல்லூரிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். ஃபார்முலா ஒன்னின் படிநிலை விதியே முன்மாதிரியாகட்டும்.

இரண்டாவது, சித்தூர், திருப்பதிப் பகுதியின் கல்லூரிகள் தத்தம் வளாகத்தில் தனித்தனியே காட்சிப்பொருளாகச் சிறு சுரங்கங்களை வாங்கி வைப்பதைவிட, ஒன்றுசேர்ந்து நடுத்தர அளவில் ஒரே சுரங்கத்தை அமைக்கலாம். 2015-இல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி.யும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் அதற்கு இயல்பான நடுவங்கள்.

மூன்றாவது, சுரங்கம் வரும்வரை ஓடுதளத்தையே ஆய்வுக்கூடமாக்கலாம். சிறகின் மேல் நூல் துணுக்குகளை ஒட்டிப் படம்பிடித்தால் காற்று எங்கே ஒட்டிப் போகிறது, எங்கே பிரிகிறது என்பது தெரியும். காற்றில்லாத விடியற்பொழுதில், சமதரையில், வேகமெடுத்த வண்டியை இயந்திர விசையின்றி உருளவிட்டு வேகம் குறையும் நேரத்தை அளந்தால் இழுவையை மதிப்பிடலாம். ஒரே வேகத்தில் செல்லும்போது சுருள்வில்கள் எவ்வளவு அமிழ்கின்றன என்பதிலிருந்து கீழழுத்தத்தை அறியலாம். நூலுக்கும் பசைக்கும் எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டாம். ஆசிரியர்கள் இவற்றுக்கு மதிப்பெண் தர முன்வர வேண்டும், அவ்வளவே.

நான்காவது, செலவே இல்லாதது. அறிக்கைகளில் கணித்ததையும் அளந்ததையும் தனித்தனி நெடுவரிசைகளில் எழுதச் சொல்லுங்கள். அளக்காத இடத்தை வெற்றிடமாகவே விடட்டும். இரண்டும் பொருந்தாத அறிக்கைக்குக் குறைந்த மதிப்பெண் தராதீர்கள். ஏன் பொருந்தவில்லை என்று விளக்கிய மாணவருக்கு மிகுதியாகத் தாருங்கள். லோட்டஸ் அணியின் மாதிரி தொய்ந்த அன்று, பொருந்தாத எண்களை ஒருவர் மறைத்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பும் மறைந்திருக்கும்.

இந்த நான்காவதை வரும் பருவத்திலேயே எந்தத் துறையும் தொடங்கிவிடலாம். நெறியாளர்களாக இருப்போர் இதை ஏற்க இயலாதென்றால் ஏன் இயலாது என்று எழுதுங்கள், விவாதிப்போம். அந்த வெற்று நெடுவரிசை, ஒரு கல்லூரிக்கு எது இல்லை என்பதை ஆண்டுதோறும் எழுத்தில் பதிவு செய்துகொண்டே இருக்கும். சுரங்க நேரம் கேட்டு எழுதும் விண்ணப்பத்தோடு இணைக்க அதைவிட வலிய சான்று வேறில்லை.